42 வயசுல பைத்தான்: கமா எல்லாம் 'இ' ஆன ராத்திரி

திருச்சியில சின்னதா ஒரு டிடிபி சென்டர் வெச்சிருக்கேன், 20 வருஷமா இதான் பொழப்பு. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக மலர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எப்பயாவது ஒரு கவிதை புக்கு. பழைய ஹார்ட் டிஸ்க்ல கிடக்கறது பூரா பேஜ்மேக்கர் (பக்கம் வடிவமைக்கற பழைய சாஃப்ட்வேர்) ஃபைல், எல்லாம் பாமினி ஃபான்ட். தெரியாதவங்களுக்குச் சொல்றேன், பாமினியில உள்ளுக்குள்ள இருக்கறது வெறும் இங்கிலீஷ் எழுத்துதான், ஜே, கே, பி, ஓ, செமிகோலன்னு வரிசையா அடிச்சா திரையில 'தமிழ்'னு தெரியும். அந்த ஃபான்ட் இல்லாத மொபைலுக்கு அனுப்புனா ஒண்ணுமே புரியாது.

போன வருஷம் ரிட்டயர்டு தமிழாசிரியர் ஒருத்தர் வந்தாரு. அவரோட புத்தகம், 2006-ல நம்ம கடையிலதான் டைப் பண்ணோம். "தம்பி, இதை மொபைல்ல படிக்கிற மாதிரி ஆக்கித் தர முடியுமா, என் பேத்தி வெளியூர்ல இருக்கா"ன்னாரு. நெட்ல கிடைச்ச ஒரு கன்வர்ட்டர்ல போட்டுப் பார்த்தேன், எழுத்தெல்லாம் யூனிகோடு (எந்த மொபைல்லயும் தெரியற பொது எழுத்து முறை) ஆயிடுச்சு, ஆனா கமா இருக்க வேண்டிய இடத்துல எல்லாம் 'இ' நிக்குது, 112 பக்கத்துலயும். கையால திருத்தினேன், மூணு நாள் ஆச்சு. அது ஏன் 'இ' ஆச்சுங்கறது மட்டும் மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதுக்காகத்தான் கோடிங் பக்கம் வந்தேன், வேலை மாறணும்னெல்லாம் இல்ல.

கடை சாத்திட்டு ராத்திரி 10 மணிக்கு மேல பாடம். என்பிடெல்ங்கற ஆன்லைன் பாடத் தளத்துல சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட் பேராசிரியர் மாதவன் முகுந்த் எடுக்கற பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழி கோர்ஸ், 8 வாரம், வீடியோ பாக்க காசு கிடையாது. நான் ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், அதனால சப்டைட்டில் போட்டு நிறுத்தி நிறுத்திதான் பார்த்தேன். முதல் வாரமே மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) கண்டுபிடிக்கறது, ஸ்கூல்ல படிச்ச அதே கணக்கு, ஆனா அதை மெஷினுக்குப் புரியற மாதிரி படி படியா சொல்லணும்னப்ப வேற மாதிரி தெரிஞ்சுச்சு. ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே திரும்பக் கூப்பிடறது) வந்தப்ப ரெண்டு வாரம் நின்னுட்டேன். திரும்ப வந்தேன்.

டிக்ஷனரி (இதுக்கு இதுன்னு ஜோடி ஜோடியா சேத்து வைக்கறது) பாடம் பார்த்த அன்னிக்கே பாமினி டேபிள் எழுத ஆரம்பிச்சேன். இந்தக் கீ இந்த எழுத்துன்னு எனக்கு விரலுக்கே தெரியும், பாக்கவே வேண்டாம். ஒண்ணொண்ணா ரீப்ளேஸ் பண்ணிக்கிட்டே வந்து ரன் பண்ணா, அதே 'இ'! அப்பதான் பிடிபட்டுச்சு. பாமினியில கமா கீயை அடிச்சா 'இ' வரும், கமா வேணும்னா கிரேட்டர் தேன் குறியை அடிக்கணும். என் கோடு முதல்ல கிரேட்டர் தேனை கமாவா மாத்துது, அப்புறம் கீழ வர்ற லைன் அந்தப் புது கமாவையும் பிடிச்சு 'இ' ஆக்கிடுது. அந்தக் கன்வர்ட்டர்லயும் இதான் நடந்திருக்கணும். ராத்திரி ஒரு மணிக்கு வீட்டுக்காரியை எழுப்பிச் சொன்னேன், அவ்ளோ சந்தோஷம்.

அந்த ரெண்டு லைனையும் இடம் மாத்துனா கமா சரியாயிடும், ஆனா கொம்புன்னு இன்னொண்ணு இருக்கு. பாமினியில 'கொ'ன்னா கண்ணுக்குத் தெரியற வரிசையில கொம்பு, க, கால்னு மூணு கீ. யூனிகோடுல க முதல்ல, அதுக்கப்புறம் ஒகரக் குறி, ரெண்டே ரெண்டு. தனித்தனியா மாத்துனா கொம்பு முன்னாடி எழுத்துல போய் ஒட்டிக்கும். அதனால ரீப்ளேஸையே தூக்கிட்டு ஒரு வைல் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கறது) எழுதுனேன், இடமிருந்து ஆரம்பிச்சு முதல்ல மூணு கீ சேர்த்து டேபிள்ல இருக்கான்னு பாரு, இல்லன்னா ரெண்டு, இல்லன்னா ஒண்ணு, மாத்துனதைத் தனியா சேத்துக்கிட்டே போ, திரும்ப அதைத் தொடாத. கமாவும் சரி, கொம்பும் சரி, ரெண்டுமே ஒழுங்கா வந்துடுச்சு.

ஆசிரியரோட ரெண்டாவது புத்தகத்தை இதுலதான் போட்டேன், மூணு நாள் வேலை சில செகண்ட்ல முடிஞ்சுது. அவரு மொபைல்ல எழுத்தைப் பெருசு பண்ணி முன்னுரையை அங்கயே நின்னு படிச்சாரு.

இப்ப மாட்டியிருக்கறது நடுவுல வர்ற இங்கிலீஷ் வார்த்தை. டெக்ஸ்ட்டா எடுத்தா எது பாமினி எது நிஜ இங்கிலீஷ்னு தெரிய வழியில்ல, அதையும் தமிழா மாத்திடுது. பேஜ்மேக்கர்ல டேக்கோட (ஃபார்மட்டைச் சொல்ற குறியோட) எக்ஸ்போர்ட் பண்ணா ஃபான்ட் பேரும் கூட வரும், அதை எப்படிப் படிக்கறதுன்னு இந்த வாரம் பாக்கறேன்.