பளபளப்பை விடுங்கள், வீலைக் கவிழ்த்துப் பாருங்கள்

காருக்குப் பழைய அலாய் வீல் (அலுமினியக் கலவைச் சக்கரம்) வாங்கப் போனபோது நான் பார்த்தது முகப்பை மட்டும்தான். நாலும் புதுசு போல மினுங்கின, மனசு பறிபோய்விட்டது, பேரம்கூட ஒழுங்காகப் பேசவில்லை. பத்தே நாளில் ஒரு டயரில் காற்று இறங்க ஆரம்பித்தது. பஞ்சர் கடையில் தண்ணீரில் முக்கிப் பார்த்தால் டயரில் குறையே இல்லை, ரிம்மின் உள்விளிம்பிலிருந்து குண்டூசி முனை அளவுக்குக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. டயரைக் கழற்றிப் பெயிண்டைச் சுரண்டினோம். அடியில் பழைய வெல்டிங், அதன் ஓரத்தில் மயிரிழை விரிசல்.

உள்விளிம்பு ஏன் என்றால், வெளிப்பக்கத்தை ஸ்போக்குகள் தாங்கிக்கொள்கின்றன, உள்பக்கம் அப்படி எந்தத் தாங்கலும் இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. குழியில் இறங்கினால் முதல் அடி பெரும்பாலும் அதற்குத்தான். இரும்பு ரிம் வளையும், சுத்தியலால் தட்டி நிமிர்த்துகிறார்கள். வார்ப்பு அலுமினியம் அந்த அளவுக்கு வளைந்து கொடுக்காது, விரிசல் விட்டுவிடும். வெல்டிங் வைத்தாலும் அந்தச் சூட்டில் சுற்றியுள்ள உலோகம் வலுவிழக்கிறது.

அதனால் இப்போதெல்லாம் டயர் இல்லாத வீலாக இருந்தால்தான் கையே வைக்கிறேன். நல்ல வெளிச்சத்தில் கவிழ்த்துப் போட்டு, ஈரத்துணியால் பிரேக் தூசியைத் துடைத்துவிட்டு, உள்பக்கம் முழுக்க நகத்தை ஓட்டுவேன். நகம் எங்கே தட்டுகிறதோ அங்கே டார்ச் அடிப்பேன். ஓரிடத்தில் மட்டும் பெயிண்ட் தடித்திருந்தாலோ, உலோகம் மேடு தட்டியிருந்தாலோ அந்த வீல் வேண்டாம். நடைபாதைக் கல்லில் உரசிய கீறல்? அது அழகுக் குறை, விலையைக் குறைக்க நல்ல சாக்கு, அவ்வளவுதான். உண்மையில் கீறலுள்ள வீலைவிட, நேற்றுத்தான் பெயிண்ட் அடித்த வீலைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன்.

டயர் உட்காரும் விளிம்பில் வெள்ளையாகப் பூத்து அரித்திருந்தாலும் காற்று கசியும், ஆனால் அதைச் சுத்தம் செய்து சரிபண்ணலாம். நட்டு உட்காரும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள், யாரோ நட்டு தளர்ந்தபடியே ஓட்டியிருக்கிறார்கள். வீல் வளைந்திருப்பதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். பேலன்சிங் மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டால் விளிம்பு நீச்சலடிப்பது பளிச்சென்று தெரியும், 1 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் எனக்கு வேண்டாம்.

அப்புறம் பின்பக்க எழுத்துகள். அகலம், ஆஃப்செட் (வண்டியில் பொருந்தும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற அளவு), பெரும்பாலும் தாங்கும் எடையும் அங்கேயே பொறித்திருக்கும். ஜே.டபிள்யூ.எல். என்று இருந்தால் அது ஜப்பானியத் தர முத்திரை, ஆனால் போலிகளும் அதையே பொறிக்கின்றன, அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பி.சி.டி., அதாவது நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், அந்த விஷயத்தில் உஷார்: 4×98, 4×100 (நாலு துளை, 98 அல்லது 100 மில்லிமீட்டர் வட்டம்) இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான், நட்டும் எப்படியோ ஏறிவிடும், ஆனால் கோணலாக உட்காரும். நடுத்துளை பெரிதாக இருந்தால் வளையம் போட்டுச் சமாளிக்கலாம், சிறிதாக இருந்தால் வீல் ஹப்பில் (வண்டியில் வீல் மாட்டும் நடுப்பகுதி) ஏறவே ஏறாது.

நான் ஏமாந்த அந்த வீலை யார் தலையிலும் கட்ட மனசில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றும் ஹோஸ் பைப்பை இப்போது அதில்தான் சுற்றி வைக்கிறேன்.