ராடைக் கீழே வைக்க நேரமில்லாத அண்ணன்

"வெல்டர் உடனடித் தேவை" என்று எழுதிப்போட்டிருந்த 9 பட்டறைகளில் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் முதல் கேள்வி, "பைப் போட்ட அனுபவம் இருக்கா?" என்பதுதான், அதாவது பைப்புகளை வெல்டு செய்து இணைத்த அனுபவம். பயிற்சி மையத்தில் தகட்டில் பழகியதைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். ஆளும் இல்லை, வருகிறவனை எடுக்கவும் மாட்டேன் என்கிறார்களே என்று கோபம்தான் வந்தது.

10-வது பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்தேன். மூன்று மாதம் கையில் உலோகம் தேய்க்கும் கிரைண்டர் மட்டும்தான். அங்கே பைப் போடத் தெரிந்தவர் ஒரே ஒருவர், ஓய்வுபெறும் வயதை நெருங்கிய அண்ணன். ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "அண்ணே, எனக்கு எப்போ சொல்லித்தருவீங்க?" அவர் மறைக்காமல் சொன்னார்: "உனக்குச் சொல்லித்தரணும்னா நான் ராடைக் கீழே வைக்கணும் தம்பி. அந்த நேரம் இந்த ஜாயின்ட்டை யார் போடுவா?" ராடு என்பது உருகி இணைப்பை நிரப்பும் வெல்டிங் குச்சி.

விஷயம் அங்கேதான் எனக்குப் புரிந்தது. கைதேர்ந்தவர்கள் குறையக் குறைய, மிச்சம் இருப்பவர்கள் தலையில் வேலை ஏறுகிறது. சொல்லித்தர அவர்களுக்கு நேரமே கிடைப்பதில்லை. வாசலில் பிள்ளைகள் நின்றும் உள்ளே ஆள் இல்லாமல் போவது இதனால்தான்.

சரி, அந்த நேரத்தை நான் உண்டாக்கிக் கொடுத்தால்? மறுநாளிலிருந்து அவர் வருவதற்குள் பைப் முனைகளை 37.5 டிகிரிக்குச் சரித்துத் தேய்த்து, நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்தி வைத்தேன். 7018 என்ற வகை ராடுகளை, ஈரம் ஏறாமல் வைத்திருக்கும் 120 டிகிரி ஓவனிலிருந்து தேவைக்குத் தகுந்தபடி எடுத்துக் கொடுத்தேன். அந்த ராடு காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டால் ஹைட்ரஜன் உள்ளே போய், வெல்டு ஆறிய பிறகு விரிசல் விடும் என்பதும் அப்படித் தெரிந்துகொண்டதுதான். அவருக்குத் தினம் 40 நிமிடம் மிஞ்சியது. அதை அப்படியே எனக்குக் கொடுத்தார்.

நான் எழுத வேண்டிய பைப் வெல்டர் தேர்வு 6ஜி. அது பைப் 45 டிகிரி சாய்ந்து அசையாமல் நிற்கும் நிலை. நாம்தான் அதைச் சுற்றி வர வேண்டும். அடியில் அண்ணாந்து பார்த்துத் தொடங்கி, பக்கவாட்டில் ஏறி, உச்சியில் முடிக்க வேண்டும். ரூட், அதாவது இடைவெளியை அடைக்கும் முதல் அடுக்கு, போடும்போது 6010 என்ற வகை ராடின் முன்னால் சாவித் துவாரம் மாதிரி ஒரு சின்ன ஓட்டை திறந்தபடியே இருக்க வேண்டும். பெரிதானால் உலோகம் உள்ளே வழிந்துவிடும். மூடிக்கொண்டால் உட்பக்கம் உருகியிருக்காது. அண்ணன் பக்கத்தில் குனிந்து, "கண்ணு மட்டும் போதாது, காதையும் கொடு" என்பார். ஓட்டை சரியாக இருந்தால், ராடு நுனியில் எரியும் மின்சுடரான ஆர்க் பைப்புக்குள் புகுந்து ஊதுவது கேட்கும். அந்தச் சத்தத்தை நம்பி மணிக்கட்டு தானாக அசைய எனக்கு 5 மாதம் ஆனது.

முதல் தேர்வில் தோற்றேன். வளைத்துப் பார்க்க வெல்டிலிருந்து வெட்டியெடுத்த 4 துண்டுகளில் 3 நன்றாக வளைந்தன. நாலாவது, யு வடிவத்துக்கு மடக்கும்போது ரூட் பக்கம் பிளந்தது. பிளவு 3 மில்லிமீட்டர் வரை அனுமதி உண்டு, அது தாண்டிவிட்டது. அண்ணன் துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ராடு மாற்றித் தொடங்கிய இடத்தைத் தொட்டுக் காட்டினார். முடித்த நுனியைக் கிரைண்டரால் மெலிதாகச் சரித்துவிட்டுத் தொடங்கியிருந்தால் உருகிச் சேர்ந்திருக்கும். அப்புறம் 3 வாரம் அந்த ஒரு இடத்தை மட்டும் பழகினேன். நிறுத்து, தேய், தொடங்கு. இரண்டாம் முறை நாலும் தாங்கின.

புதிதாகச் சேர நினைப்பவர்கள் பட்டறையில் சம்பளம் கேட்கும்போதே, சொல்லித்தரப் போவது யார், அவருக்கு அதற்கென்று எவ்வளவு நேரம் விட்டிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் வராத இடத்தில் வருஷக்கணக்கில் கிரைண்டரோடு நின்றுவிடுவீர்கள்.

போன மாதம் எங்களிடம் ஒரு தம்பி ஹெல்பராக வந்திருக்கிறான். முதலாளியிடம் பேசி, அவனுக்கான 40 நிமிடத்தை வேலை நேரக் கணக்கிலேயே எழுத வைத்துவிட்டேன். அண்ணன் இன்னும் 2 மாதம்தான் இருப்பார். அதற்குள் ரூட் போடும் அந்தச் சத்தத்தை அவன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும்.