‘ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்’

‘கணக்கில் போதிய பணம் இல்லை’ என்று பொருள். வங்கியில் கிளியரிங் சீட்டில், அதாவது மற்ற வங்கிகள் வழியாக வரும் செக்குகளைப் பார்க்கும் இடத்தில், உட்கார்ந்தவர்களுக்கு மனப்பாடமான வரி இது. செக் திரும்பும்போது இணைக்கும் ரிட்டர்ன் மெமோவில், காரணங்களின் வரிசையில் முதல் இடம் இதற்குத்தான். கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் இதே வரி, ஒரு லட்சம் குறைந்தாலும் இதே வரி. எவ்வளவு குறைந்தது என்று மெமோ சொல்லாது. அது கணக்கு வைத்திருப்பவரின் ரகசியம்.

எங்கள் சீனியர்கள் காலத்தில் ‘எழுதியவரைக் கேட்கவும்’ என்ற பொருளில் ‘ரெஃபர் டு டிராயர்’ என்று நாசூக்காக எழுதித் திருப்புவார்கள். பார்ட்டியின் மானம் காப்பாற்றப்படும். அந்த நாசூக்கெல்லாம் 1989 ஏப்ரல் 1-க்குப் பிறகு அதிகம் உதவவில்லை. அன்றுதான் செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவு அமலுக்கு வந்து, பணம் பத்தாத செக் கிரிமினல் வழக்காகியது.

ஈரோட்டுக் கிளையில் நான் இருந்தபோது பெரும்பாலான நூல் வியாபாரிகள் இரண்டு மாதம் தள்ளித் தேதி போட்ட செக்கில்தான் சரக்கு எடுப்பார்கள். காலையில் செக் கட்டு வந்ததும் லெட்ஜரைப் பார்த்துவிட்டு போன் செய்வோம். விதிப்படி செய்யவேண்டிய வேலை இல்லை, ஆனாலும் செய்வோம்.

“உங்க செக் ஒண்ணு வந்திருக்குதுங்க. ஏழாயிரம் பத்தலைங்க.”

“பையன்கிட்டக் குடுத்து விடறனுங்க சார், திருப்பிப்போடாதீங்க.”

பாதிப் பேரின் பையன் வந்துவிடுவான்.

கணக்கில் இருப்பதற்கு மேலும் ஒரு வரம்புவரை எடுக்க வங்கி அனுமதிக்கும் ஓவர்டிராஃப்ட் (சுருக்கமாக ‘ஓடி’) வைத்திருந்த ஒருவர் மெமோவோடு சண்டைக்கு வந்தார். செக் திரும்பியதில் அவருக்கு வருத்தம் இல்லை. “எனக்கு ஓடி இருக்குது. ‘எக்ஸீட்ஸ் அரேஞ்ச்மென்ட்’னு போட்டிருக்கோணும். இன்சஃபிஷியன்ட்னா ஊர்ல என்ன நினைப்பாங்க?” நியாயம்தான். ஓடி கணக்குக்கு அதுதான், ‘ஒப்புக்கொண்ட வரம்பைத் தாண்டிவிட்டது’ என்பதுதான், சரியான காரணம். ஆனால் 138-வது பிரிவில் இரண்டுக்கும் ஒரே தண்டனை: இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

செக்கை வாங்கியவர்களின் கவலை வேறு. “சீல் மங்கலா இருக்குதுங்க, இன்னொரு தடவை குத்துங்க” என்பார்கள். வக்கீல் சொல்லி அனுப்பியிருப்பார். வங்கி முத்திரையுள்ள மெமோவைக் காட்டினாலே செக் திரும்பியதாக நீதிமன்றம் அனுமானிக்கும். மறுத்தால் நிரூபிக்கவேண்டியது எதிராளி. தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கைக்குப் போனபின் பணம் கட்ட 15 நாள், அதற்கும் கட்டாவிட்டால் ஒரு மாதத்துக்குள் வழக்கு. கணக்கை மூடிவிட்டாலோ, கையெழுத்தை மாற்றிப் போட்டாலோ தப்பலாம் என்று நினைத்தவர்களுக்கும் உச்ச நீதிமன்றம் ஒவ்வொன்றாகக் கதவை அடைத்துவிட்டது.

2011-இல் சென்னையில் சி.டி.எஸ். என்ற புதிய கிளியரிங் முறை வந்தபின் செக்குக்குப் பதில் அதன் படம்தான் பயணம் செய்கிறது. பாஸ் செய்வதா, திருப்புவதா என்பதைக் கிளையைக் கேட்காமல் எங்கோ ஒரு மையத்தில் முடிவு செய்கிறார்கள். அந்தப் போன் நின்றுபோயிற்று. நூல் வியாபாரிகள் பலர், கணக்கிலிருந்து கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் ஆர்.டி.ஜி.எஸ்.-க்கு மாறிவிட்டார்கள். அதில் பணம் பத்தாவிட்டால் அனுப்பவே முடியாது. மெமோவும் இல்லை, சீலும் இல்லை.