விரும்பிச் சாப்பிடும்படியான ஒரு கோதுமை பிரெட்

காய்ச்சல் வந்தவர்களுக்குப் பாலில் நனைத்துக் கொடுக்கும் பண்டமாக மட்டுமே எங்கள் வீட்டில் பிரெட் இருந்த காலம் போய், பள்ளிக்கும் வேலைக்கும் ஓடுகிற காலை வேளைகளில் இட்லிக்கும் தோசைக்கும் மாற்றாக அது அடிக்கடி தட்டில் ஏறத் தொடங்கிவிட்டது. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் சர்க்கரை நோய் இருக்கிற குடும்பம் என்பதால், மைதா பிரெட்டை விட்டு உடம்புக்குச் சற்றேனும் நல்லதான ஒன்றுக்கு மாற வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆனால் அதை மருந்து விழுங்குவதுபோல் விழுங்கக் கூடாது, விரும்பிச் சாப்பிட வேண்டும் என்பதும் என் நிபந்தனையாக இருந்தது. நல்லது என்ற ஒரே காரணத்துக்காக வாங்கப்படும் பிரெட், பாதிப் பொட்டலம் தீர்வதற்குள் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போகிறது. அடுத்த வாரமே வெள்ளை பிரெட் திரும்பி வந்துவிடுகிறது.

கடையில் முதலில் கையில் கிடைப்பது பிரவுன் பிரெட். இதைப் பற்றி நான் சொல்லக் கூடிய ஒரே அறிவுரை, நிறத்தைப் பார்க்காமல் பொட்டலத்தின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படிக்க வேண்டும் என்பதுதான். நம் நாட்டு விதிப்படி, எடையில் அதிகமாக இருக்கும் பொருளில் தொடங்கி இறங்குவரிசையில் அவை எழுதப்பட வேண்டும். முதலில் மைதா என்றும், அதற்குப் பிறகு கோதுமை மாவு என்றும், கடைசியில் ஐஎன்எஸ் (உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான சர்வதேசக் குறியீடு) 150 என்று தொடங்கும் ஓர் எண்ணும் இருந்தால், அந்தப் பழுப்பு நிறத்தில் ஒரு பகுதி கேரமல் நிறமியிலிருந்து வந்தது என்று பொருள். அதே பட்டியலில் சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதையும் பார்ப்பது நல்லது. உப்புக்கு வெகு முன்னால் இருந்தால் அது ஏறக்குறைய பன்தான். பொட்டாசியம் புரோமேட் என்ற பெயரையும் ஒரு காலத்தில் தேட வேண்டியிருந்தது. மாவை வலுவாக்கிப் பிரெட்டை உப்பச் செய்யும் அந்தப் பொருள், புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை என்று ஐயத்துக்குரியவற்றின் வரிசையில் சேர்க்கப்பட்டது. 2016 ஆம் ஆண்டு டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பிரெட், பன் மாதிரிகளைச் சோதித்து வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு, அதே ஆண்டில் இந்தியாவில் அதற்குத் தடை வந்தது. தெரு முனை பேக்கரியில் வெறும் கண்ணாடித்தாளில் சுற்றித் தரும் பிரெட்டில் படிப்பதற்கு எதுவுமே இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

முழுக் கோதுமை என்றே பட்டியல் சொன்னாலும் என் தேவை முழுதும் தீரவில்லை. குளுக்கோஸை 100 என்று வைத்து, ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எந்த அளவுக்கு ஏற்றுகிறது என்று காட்டும் சர்வதேசப் பட்டியல் ஒன்று 2008 இல் வெளியானது. அதில் வெள்ளை பிரெட்டின் சராசரி 75. முழுக் கோதுமை பிரெட்டின் சராசரி 74! நார்ச்சத்திலும் தாதுச்சத்திலும் முழுக் கோதுமை எவ்வளவோ மேல்தான்: 100 கிராம் மைதாவில் ஏறக்குறைய 3 கிராம் நார்ச்சத்து இருந்தால், முழுக் கோதுமை மாவில் அது 10 கிராமுக்கு மேல் இருக்கும். ஆனால் தவிடும் முளைக்கருவும் சேர்ந்திருந்தாலும், மாவு பொடியாக அரைபட்டுவிட்டால் அதிலுள்ள மாவுச்சத்து மைதாவைப் போலவே விரைவாகச் செரித்துவிடுகிறது. அதே பட்டியலில், தானியங்கள் சேர்த்துச் செய்த சிறப்பு வகை பிரெட்டின் சராசரி 53. தானியம் எவ்வளவுக்கு உருக்குலையாமல் இருக்கிறதோ அவ்வளவுக்கு அதை உடைக்க நம் குடலுக்கு நேரம் பிடிக்கிறது. என் தேடலின் திசையை மாற்றியது இந்த ஒரு செய்திதான். எந்த மாவு என்று கேட்டுக்கொண்டிருந்த நான், எவ்வளவு அரைத்தது என்று கேட்கத் தொடங்கினேன்.

சுவையின் பக்கம் வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் தோற்றுப்போவது அங்கேதான். கோதுமை பிரெட் மேல் சொல்லப்படும் குறைகள் மூன்று: கசக்கிறது, வறண்டு உதிர்கிறது, செங்கல்போல் கனக்கிறது. மூன்றுக்கும் காரணம் உண்டு. மூன்றையும் ஓரளவு சரிசெய்யவும் முடியும். முளைக்கருவில் எண்ணெய் இருப்பதால், அரைத்த மாவு வாரக்கணக்கில் கிடக்கும்போது அந்த எண்ணெய் சிக்குப் பிடித்துக் கசப்பு ஏறுகிறது. கோதுமையை வாங்கி அரவை மில்லில் அரைத்து, சில நாள்களுக்குள் பயன்படுத்தினால் அந்தக் கசப்பு காணாமற்போய், மெல்லிய இனிப்பு தெரிகிறது. வறட்சிக்குக் காரணம் தவிடு. அது தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். பிசைந்தவுடன் சரியான பதமாகத் தெரியும் மாவு, ஒரு மணி நேரம் கழித்துக் கெட்டிப்பட்டிருக்கும். நம் ஊர்க் கல் இயந்திரங்களில் அரைபடும்போது மாவுச்சத்து மணிகள் அதிகம் சிதைவதால், அந்த மாவுக்குத் தண்ணீர் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. கனத்துக்கும் தவிடுதான் காரணம்: அதன் கூரிய துணுக்குகள், காற்றைப் பிடித்து வைக்க வேண்டிய க்ளூட்டன் என்ற கோதுமைப் புரத இழைகளை அறுத்துவிடுகின்றன. ஆகவே தவிடு ஊறி மெத்தென்று ஆகும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. பிரெட் செய்கிறவர்கள் பலர் சர்க்கரையையும் எண்ணெயையும் கூட்டி இந்தக் குறைகளை மூடுகிறார்கள். நேரமும் தண்ணீரும் கூட்டினால் போதும் என்பது என் அனுபவம்.

நான் இப்போது செய்யும் முறை இது. புதிதாக அரைத்த கோதுமை மாவு 400 கிராம், மைதா 100 கிராம், உப்பு 8 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கால் தேக்கரண்டி, கெட்டித் தயிர் இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் ஏறக்குறைய 400 மில்லி. இவற்றோடு 75 கிராம் கோதுமை ரவையைக் கொதிநீரில் ஊறவைத்து, ஆறிய பின் வடித்துச் சேர்க்கிறேன். மேலே சொன்ன அரைபடாத தானியத்துக்கு நம் மளிகைக் கடையிலேயே கிடைக்கும் எளிய வடிவம் உப்புமாவுக்கு வாங்கும் இந்த ரவைதான். வெந்த பிரெட்டில் அது பல்லில் மெதுவாகக் கடிபடுவது எனக்கு மிகவும் பிடிக்கும். மைதா எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஐந்தில் ஒரு பங்கு இல்லாமலும் செய்யலாம்; ஆனால் வீட்டில் மற்றவர்களும் இரண்டாவது துண்டு கேட்பது அது இருக்கும்போதுதான்.

மாலையில் எல்லாவற்றையும் கரண்டியாலேயே கலந்து, ஒரு மணி நேரம் வெளியே வைத்து, ஈரக் கையால் இரண்டு மூன்று முறை மடித்துவிட்டு, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். பிசையாமல் நீண்ட நேரம் விட்டுவைக்கும் இந்த உத்தி, நியூயார்க் பேக்கர் ஜிம் லேஹியின் செய்முறை 2006 இல் நியூயார்க் டைம்ஸில் வெளிவந்த பிறகு உலகெங்கும் பரவியது. அவர் சொன்னது அறை வெப்பத்தில் 12 முதல் 18 மணி நேரம். சென்னையில் மே மாதத்தில் அப்படி விட்டால் மாவு பொங்கித் தணிந்து, சாராய வாடை அடிக்கும். இட்லி மாவு கோடையில் எத்தனை மணிக்குப் பொங்கும் என்று கணக்குத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரவு முழுவதும் குளிரில் மெல்லப் புளிப்பதால் சுவை ஏறுகிறது; இன்னொரு பயனும் உண்டு. தவிட்டிலுள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்புச்சத்தையும் துத்தநாகத்தையும் உடலில் சேரவிடாமல் பிடித்து வைக்கும். மாவு புளித்து அமிலத்தன்மை ஏறும்போது, கோதுமையிலேயே இருக்கும் நொதி அதைச் சிதைக்கத் தொடங்குகிறது.

காலையில் எண்ணெய் தடவிய டின்னில் இட்டு, மேலே வறுத்த எள்ளைத் தாராளமாகத் தூவி, விளிம்பருகே எழும்பும்வரை காத்திருந்து, 220 பாகை செல்சியஸில் கால் மணி நேரமும், பிறகு 190 பாகையில் அரை மணி நேரமும் ஓவனில் வேகவைக்கிறேன். வெந்ததும் வெட்டக் கூடாது. உள்ளே மாவுச்சத்து இறுகி நிலைகொள்ளக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஆகும். அதற்கு முன் கத்தி வைத்தால் வேகாத பிரெட் என்ற பழி ஓவன் மேல் விழும். எள்ளின் எண்ணெய் மணம் தவிட்டின் மணத்தோடு சேரும்போதுதான் இந்த பிரெட்டுக்கு அதற்கே உரிய ஒரு சுவை வருகிறது. வெள்ளை பிரெட்டைப் போல இருக்கிறதா என்று ஒப்பிடும் எண்ணமே அப்போது எழுவதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் தருகிறது என்பதால் ஆசை அதிகம். ஆனால் அதில் க்ளூட்டன் இல்லை, மொத்த மாவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பிரெட் அடையாகிவிடும். ஆளி விதையை முழுதாகப் போட்டால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும், பொடித்துப் போட வேண்டும். பெருநகரங்களில் கிடைக்கும், இயற்கையாகப் புளிக்கவைத்த மாவில் செய்யும் சவர்டோ பிரெட் சுவையானதுதான். ஆனால் அதிலும் மைதாவே முதன்மையாக இருப்பது வழக்கம், விலையும் கைக்கு அடங்குவதில்லை.

பாதுகாப்புப் பொருள் எதுவும் சேர்க்காததால் நம் வெயிலில் இது இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, தேவைக்கு எடுத்து, பனியோடு நேராகத் தோசைக்கல்லில் போட்டுச் சிறுதீயில் இரு பக்கமும் வாட்டினால் புதிதாக வந்ததுபோல் ஆகிவிடுகிறது. சாதாரண ஃப்ரிட்ஜ் தட்டில் வைத்தால் மாறாக விரைவில் விறைத்துப்போகும். ஜாம் இதற்குச் சேர்வதில்லை, தவிட்டின் சுவையை அது அமுக்கிவிடுகிறது. நல்லெண்ணெயில் குழைத்த பூண்டுப் பொடியும், கெட்டியாக அரைத்த தக்காளிச் சட்னியும், அரைவேக்காட்டு முட்டையும் நன்றாகப் பொருந்துகின்றன. பிரெட் அல்வாவுக்கு மட்டும் இது ஆகவே ஆகாது; நெய்யில் பொரித்தால் ரவை கல்லாக இறுகிவிடும், பாலையும் சரியாக உறிஞ்சாது. அதற்கு ஆண்டுக்கு ஓரிரு முறை பேக்கரி பால் பிரெட்டைத்தான் வாங்குகிறேன்.