ரொட்டிய நிறுக்கப் போன கதை

நேத்து பொழுது சாய ஒரு ரொட்டிய பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிட்டு கீழ்ரோட்டு கடைக்கு ஓடுனேன். கடையில ரொட்டி வாங்குற ஆள பாத்திருக்கேன், வீட்டு ரொட்டிய கொண்டாந்து தராசுல வைக்கிற ஆள இன்னைக்கிதான் பாக்குறேன்னு கடை அண்ணன் இன்னும் சிரிச்சிக்கிட்டு இருக்காரு.

எல்லாம் போன்ல கலோரி கணக்கு பாக்குற அந்த ஆப்பால வந்த வெனை. டொக்டர் பிரஷர பாத்துட்டு 12 கிலோ கொறைன்னுட்டாரு, தங்கச்சி உடனே போன்ல ஒரு புரோகிராம் போட்டுக் குடுத்துட்டா, மூணு மாசத்துக்கு வாயில போறதெல்லாம் அதுல எழுதணும். எழுத எனக்குப் பஞ்சி இல்ல, ஆனா அதுக்கு நம்ம சாப்பாடு ஒண்ணுமே தெரியல. ரொட்டிய படம் புடிச்சா பேன்கேக்காம், மேல தேன் ஊத்துனீங்களான்னு வேற கேக்குது. மொளகா அரைச்ச கட்டச்சம்பல காட்டுனா தக்காளி சோஸாம். எங்க அப்பாயி மட்டும் உசுரோட இருந்திருந்தா போன அம்மியிலயே வச்சி அரைச்சிருக்கும்.

சரி கையாலயே எழுதுவோம்னா எத்தன கிராம்னு கேக்குது. எங்க வீட்டுல ஏதுய்யா கிராம்? மா ரெண்டு சுண்டு, தேங்கா அரை மூடி, உப்பு அம்மா கை அளவு. இதுல எங்க லயத்து வீட்டுக்குள்ள சிக்னல் கெடையாது, ஒரு வேளை சாப்பாட்ட எழுத கோயில் முடக்கு வரைக்கும் ஏறணும், ஏறுனா நல்லா நடந்தீங்கன்னு அதே ஆப் பாராட்டுது, எறங்கி வந்தா பசிக்குது, இன்னொரு ரொட்டி. தேத்தண்ணி கணக்கு அத விடக் கொடுமை. ஒரு கரண்டி சீனி 16 கலோரி, எனக்கு மூணு கரண்டி, நாளைக்கு அஞ்சு தேத்தண்ணி, பெருக்கிப் பாத்தா 240. சுத்தி தேயில மலைய வச்சிக்கிட்டு தேத்தண்ணியாலயே வீங்கியிருக்கேன்.

அம்மாவுக்கு இது என்னான்னே புரியல. ஒரு நாளைக்கு 1500 தான்மான்னேன். "அதுக்கு மேல எடுத்தா ஓவர் கிலோ காசு உண்டா?"ன்னு கேட்டுச்சு. அம்மாவோட மலையில 18 கிலோ கொழுந்து எடுக்கலன்னா அரைப் பேருதான், அரை நாள் சம்பளம்தான், எண்ணிக்கைன்னாலே அம்மாவுக்கு அந்த நெனப்பு.

கடை தராசுல 152 கிராம் காட்டுச்சு. பான் வாங்க வந்த நாலு பேரு, என்னா தம்பி ரொட்டி யாவாரமா, என்னா வெலைன்னு புடிச்சிக்கிட்டாங்க. அண்ணன் பாவம் பாத்து, இந்தா பழைய தராசு, நாளைக்கி கொண்டாந்து குடுன்னு தந்துட்டாரு. வீட்டுக்கு வந்து 152ன்னு சொன்னதும் அம்மாவோட மொத கேள்வி, "தண்ணிக்கு கழிச்சியா?"

முப்பது வருஷம் கொழுந்து நிறுக்குற மடுவத்துல நின்ன ஆளு. மழை பேஞ்சா தண்ணிக்கு, வெயிலடிச்சா சாக்குக்குன்னு தெனம் கிலோக் கணக்குல கழிச்சிட்டுதான் கொழுந்து எழுதுவாங்க. "எனக்கு ஒருநாளும் முழுசா எழுதல, நீ மட்டும் கழிக்காம எழுதுறியா, கூறுகெட்டவனே."

சிரிச்சேன். அப்புறம் கோயில் முடக்குல நின்னு தேடிப் பாத்தா அம்மா சொன்னதுதான் சரி. மாவும் தேங்காப்பூவும் 100 கிராமுக்கு கிட்டத்தட்ட ஒரே கணக்கு, 350, 360ன்னு வருது, ஆனா பெசஞ்ச தண்ணிக்கு கலோரியே இல்ல. தண்ணிய கழிச்சா ஒரு ரொட்டி 400 கிட்ட. நான் ராவைக்கு மூணு.

தராசு கையில இருக்குற ருசியில தட்டுல இருந்த மத்ததையும் எடுத்து வச்சேன். என்னோட மூணும் 150க்கு மேல. தங்கச்சியோடது 120. ஓரமா கருகுன மாதிரி ஒண்ணு கெடந்துச்சு, அது 68.

"இது யாருக்கு?"

"எனக்குத்தான்."

"எல்லாம் ஒரே அளவு உருண்டைன்னு சொல்லுவியே, உன்னுது மட்டும் ஏம்மா இவ்வளவு?"

அம்மா அடுப்ப ஊதிக்கிட்டே, "தண்ணிக்கு கழிச்சிட்டேன்"னு சொல்லிட்டு சம்பல் சட்டிய எம்பக்கம் தள்ளுச்சு.