தொப்பைக்குள்ள ஜேசிபி

போன மாசம் டெஸ்ட் எடுத்தேன், வெறும் வயித்துல சுகர் 112, கொஞ்சம் ஜாஸ்தியாம். இடுப்புல டேப் வெச்சுப் பார்த்தா 97 சென்டிமீட்டர், நம்ம ஊர் ஆம்பளைங்களுக்கு 90 தாண்டக்கூடாதாம். குன்னூர் மேட்டுல தினமும் ஏறி இறங்குற எனக்கான்னு ஒரே கடுப்பு. (ஏறுறது ஆட்டோவுல, அது வேற விஷயம்.)

"டீக்குக் கூட சக்கரை போடறதில்லையே பாப்பா"ன்னு அக்கா மக கிட்ட புலம்பினேன். கோயம்புத்தூர்ல மைக்ரோபயாலஜி படிக்கிறா, லீவுக்கு வந்திருந்தா. வர்க்கியை டீயில முக்கிக்கிட்டே, "சக்கரைய விடுங்க மாமா, உங்க தொப்பைக்குள்ள யாரு குடியிருக்காங்கன்னு தெரியுமா"ன்னா.

எங்க ஊர்ல 1907லயே வெறிநாய்க்கடிக்காக பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் வந்தாச்சு, அதனால எதிர்ப்பு சக்தின்னாலே வெளிய இருந்து வர்ற கிருமியோட சண்டைன்னு தான் நான் நினைச்சிருந்தேன். கொழுப்புக்குள்ளயும் அந்த எதிர்ப்பு சக்தி செல்லுங்க இருக்காம். மேக்ரோபேஜ்னு ஒண்ணு, செத்த செல்லை விழுங்கி சுத்தம் பண்ற ஆளு. ஒல்லியா இருந்தா கொழுப்புல இருக்கற செல்லுங்கள்ல பத்துல ஒண்ணுக்கும் கம்மி தான் இது, சத்தம் போடாம வேலைய பாக்கும். ரொம்ப குண்டானா 40 சதவீதம் வரைக்கும் போகுதுன்னு 2003ல கண்டுபிடிச்சாங்களாம், நான் நம்பவே இல்ல, திரும்பத் திரும்ப கேட்டேன்.

கொழுப்பு செல்லு ஊதி ஊதி ஒரு கட்டத்துல செத்துடுது, அது சைஸுக்கு ஒரு மேக்ரோபேஜால விழுங்க முடியாது, அதனால பல பேர் சேர்ந்து கிரீடம் மாதிரி சுத்தி நிக்கிறாங்க. மேட்டுப்பாளையம் ரோட்டுல மண்சரிவு ஆனா ஜேசிபி வருமில்ல, மண்ணை அள்ள வந்த வண்டியே ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்கும், அதே கதை. நிக்கிறது மட்டுமில்லாம டிஎன்எஃப் ஆல்பான்னு ஒரு சரக்கை கக்குது (குண்டு எலிங்களோட கொழுப்புல இது ஜாஸ்தியா இருக்குன்னு 1993லயே பாத்துட்டாங்க), இன்னும் ஆள் வாங்கன்னு சிக்னல் வேற அனுப்புது. டிஎன்எஃப் இருக்கற இடத்துல, சக்கரைய உள்ள எடுத்துக்கோன்னு இன்சுலின் சொல்றது செல்லுக்கு சரியா கேக்காது, மழையில டவர் வீக்கானா போன்ல பேசுறது சரியா கேக்காதில்ல, அந்த மாதிரி. சக்கரை ரத்தத்துலயே சுத்தும். தோலுக்கு அடியில இருக்கற கொழுப்பை விட குடலைச் சுத்தி இருக்கறதுல தான் இந்த கூத்து அதிகம், அதான் இடுப்பை அளக்குறாங்க.

இன்னொண்ணும் சொன்னா. எலிக்கு சாப்பாட்டைக் குறைச்சா முதல்ல கொஞ்ச நாள் மேக்ரோபேஜ் கூடத் தான் செய்யுதாம், கரையற கொழுப்பை அள்ளணும்ல.

"அப்போ டயட் வேணாம்ல?"

முறைச்சா. அப்புறம் குறைஞ்சிடும் மாமா, எடை குறைக்க ஆபரேஷன் பண்ணின மனுஷங்களுக்கே மூணு மாசத்துல குறைஞ்சிருக்குன்னுட்டு மிச்சம் இருந்த வர்க்கி பாக்கெட்டை எடுத்துட்டு உள்ள போயிட்டா.

நேத்து பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி ஆட்டோவை வேணாம்னு சொல்லிட்டு நடந்தேன். பெட்போர்டு வர்றதுக்குள்ள நாக்கு தள்ளிருச்சு, பின்னாடியே வந்த அதே ஆட்டோக்காரர் "ஏறுங்கண்ணா"ன்னாரு. ஏறிட்டேன்.