1993இன் இரண்டு ஆர்கேட் விளையாட்டுகள்

வீடியோ விளையாட்டு நிறுவனங்களில் ஐரெம் என்றதும் 1987இல் வந்த ஆர்-டைப் விளையாட்டையும், டோவாப்ளான் என்றதும் ஸீரோ விங் விளையாட்டையும் மட்டுமே பலர் குறிப்பிடுகிறார்கள். ஆனால் இந்த இரு ஜப்பானிய நிறுவனங்களின் முழுத் திறமையும், என் கணிப்பில், 1993இல் அவை வெளியிட்ட, அதிகம் பேசப்படாத இரண்டு ஆர்கேட் (காசு போட்டு ஆடும் இயந்திர) விளையாட்டுகளில்தான் தெரிகிறது.

ஐரெமின் 'இன் தி ஹன்ட்' ஒரு நீர்மூழ்கிக் கப்பலை நம் கையில் கொடுக்கிறது. ஒரு பொத்தான் முன்னோக்கி டார்பிடோவை ஏவ, மற்றொன்று ஒரே சமயத்தில் மேலேயும் கீழேயும் தாக்குகிறது. கப்பல் நீர்மட்டத்துக்கு வந்துவிட்டால் வானூர்திகளையும் சுட்டு வீழ்த்தலாம். உடைந்து சரியும் கட்டடங்கள், சிதறும் உலோகத் துண்டுகள் என ஒவ்வொரு காட்சியையும் புள்ளி புள்ளியாக இழைத்து வரைந்திருக்கிறார்கள் (அந்த நெரிசலில் ஆட்டத்தின் வேகமே குறைந்துவிடும் என்பதும் உண்மை). இக்குழுவினர் சிலர் பின்னர் நாஸ்கா நிறுவனத்தில், இதே நுணுக்கமான ஓவியப் பாணி கொண்ட 'மெட்டல் ஸ்லக்' விளையாட்டை உருவாக்கியதில் வியப்பே இல்லை.

டோவாப்ளானின் 'பாட்சுகன்' ஓவிய அழகில் இதற்கு ஈடாகாது. ஆயினும், திரையை நிறைக்கும் குண்டுமழைக்கு நடுவே இடைவெளி தேடி நழுவும் ஆட்டமுறைக்கு வித்திட்டவற்றுள் முதன்மையானது அதுவே. 1994இல் டோவாப்ளான் திவாலானபின் அதன் முன்னாள் ஊழியர்கள் தொடங்கிய கேவ் நிறுவனம், அந்த முறையைத்தான் 1997இல் வந்த 'டோடோன்பாச்சி' விளையாட்டு வரை வளர்த்தெடுத்தது.